ஊரிலேயே இருந்துகொண்டு ஊரை இழப்பது

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகியபோது, ஊரைவிட்டு எங்கும் போகாதவர்களிடமும் ஊரைப் பிரிந்தவர்களுக்குரிய ஏக்கம் இருப்பதை மெய்யியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் கண்டார். 2003இல் அதற்கு அவர் ‘சோலஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். இன்று பரவலாகப் பேசப்படும் சூழலியல் பதற்றத்துக்கு இது நெருங்கிய உறவு. ஏக்கம் கண்முன் நடந்த இழப்பைப் பற்றியது. பதற்றம் இனி வரப்போகும் இழப்பைப் பற்றியது.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஹைப்போதலமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. போதிய அளவு சுரந்ததும், ‘இனி போதும்’ என்று மூளைக்கு உணர்த்தி இந்தத் தொடரை அடக்குவதும் அதே கார்ட்டிசால்தான். துரத்தும் விலங்கிடமிருந்து தப்புவதற்கு ஏற்ற ஏற்பாடு இது. ஆனால் வறட்சிக்கு முடிவு நாள் கிடையாது. அடுத்த ஆண்டாவது மழை பெய்யுமா என்பது தெரியாத நிலையில் மனம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப அசைபோடுகிறது. உறக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது.

தொலைதூர ஊர்களில் இது கூடுதலாகக் கனப்பதற்குக் காரணம், பிழைப்பு, வீடு, தன் அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே நிலத்தை நம்பியிருப்பதுதான். கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் வாழும் இன்யூட் பழங்குடி மக்களுக்குக் கடல்மேல் உறையும் பனிக்கட்டியே பாதை. அது மெலிந்தால் வேட்டையும் உறவினர் வீட்டுப் பயணமும் சேர்ந்தே நின்றுபோகின்றன. ஆய்வாளர்கள் ஆஷ்லி கன்சோலோவும் நெவில் எல்லிஸும் 2018இல் ‘சூழலியல் துயரம்’ பற்றி எழுதியபோது இம்மக்களையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை விவசாயிகளையும் அருகருகே வைத்துப் பேசினர். ‘செய்திகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இயற்கையில் சற்று நடந்து வாருங்கள்’ என்ற நகரத்து அறிவுரை இங்கே அவ்வளவாக எடுபடாது. காயம்பட்டிருப்பதே அந்த இயற்கைதானே! மருத்துவர் தொலைவில் இருப்பார். அருகில் இருந்தாலோ, அவர் வாசலில் யார் வண்டி நின்றது என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

சமாளிக்கும் வழிகளைப் பிரச்சினையைத் தீர்க்க முயல்வது, உணர்ச்சியைத் தணிப்பது என உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் இரண்டாகப் பகுத்தனர். ஸ்வீடனில் குழந்தைகளை ஆராய்ந்த மரியா ஒயாலா, காலநிலை விஷயத்தில் மூன்றாவதான, அர்த்தம் தேடும் வழியை வலியுறுத்தினார். தீர்வில் மும்முரமாக இருந்த குழந்தைகளிடம் மனவருத்தம் கூடுதலாகவே காணப்பட்டது. பிறர்மீது நம்பிக்கையும் தன் செயலுக்கு ஓர் அர்த்தமும் சேர்ந்திருந்த இடத்தில் அது தணிந்திருந்தது. தனியொருவர் கையில் அடங்காத சிக்கலைத் தனியாகச் சுமந்தால் களைப்பே மிஞ்சும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே, கிணற்று நீர்மட்டத்தைப் பலர் சேர்ந்து அளந்து குறித்துவைப்பது, விதையைப் பகிர்வது, பட்டுப்போன மரங்களைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது போன்ற கூட்டுச் செயல்களே இத்தகைய ஊர்களுக்குப் பொருந்தும். சூழலியல் பதற்றம் தனி நோயாக வகைப்படுத்தப்படவில்லை. ஆயினும் உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தொலைபேசி வழியாகவாவது மருத்துவ உதவியை உடனே நாட வேண்டும்.