அக்காவுக்கு ஐஸ், ஐயாவுக்கு ஆகாது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவள் நான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் தாதி, ஊருக்கு ‘மிஸ்ஸி’. கோயிலானாலும் சந்தையானாலும் யாராவது கையை நீட்டி, “மிஸ்ஸி, விரலெல்லாம் மரத்துப்போகுது” என்பார்கள். வார்டில் டாக்டர் கேட்டால் மட்டும், “ஒன்னுமில்ல, நல்லா இருக்கேன்.” மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

சில கீமோ மருந்துகள் நரம்பைத் தாக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால் விரலுக்கும் கை விரலுக்கும் போகிறவை. அதனால் அங்கேதான் முதலில் தெரியும். சட்டைப் பித்தான் மாட்ட வராது, தோட்டுத் திருகாணி கை நழுவும், செருப்பு கழன்றது தெரியாது. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவருக்கு முள் ஏறியதே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பக்லிடாக்செல் மருந்துக்கு ஒரு வழி இருக்கிறது: மருந்து ஏறும்போது கையையும் காலையும் குளிர வைப்பது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், விரல் நுனிக்குப் போகும் மருந்து குறையும். ஜப்பானில் 2018-ல் வெளியான கியோத்தோ ஆய்வு ஒன்றில் உறைய வைத்த கையுறையையும் காலுறையையும் ஒரு பக்கம் மட்டும் போட்டார்கள். மருந்துக்கு 15 நிமிடம் முன்னால், ஏறும் ஒரு மணி நேரம், முடிந்தபின் 15 நிமிடம். கடைசியில் கணக்கெடுத்த 36 பேரில், குளிர வைக்காத கையில் தொடுவுணர்வு குறைந்தவர்கள் 80.6 விழுக்காடு, குளிர வைத்த கையில் 27.8. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020-ல் இதற்குச் சான்று இன்னும் போதவில்லை என்றது. ஆனாலும் டாக்டர் சம்மதித்தால் செய்து பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். குளிர் தாங்காதவர்களுக்கு, ஒரு அளவு சின்ன அறுவைக் கையுறையை இரண்டு அடுக்காக இறுக்கிப் போடும் முறையையும் ஜப்பானில் சோதித்திருக்கிறார்கள்.

எங்கள் தாமானில் ஓர் அக்கா இப்படித்தான் ஜெல் பையை ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸில் தூக்கி வருவார். துணி சுற்றித்தான் வைப்பார், நேராகத் தோலில் படவிடமாட்டார். பன்னிரண்டு வாரமும் முடித்தார், இன்றும் பூக்கட்டுகிறார். நல்லது நடந்தால் நாலு பேருக்குச் சொல்லத்தானே செய்வோம்? பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் சொன்னார்.

அந்த ஐயாவுக்குப் பெருங்குடல் புற்று. ஏறிய மருந்து ஆக்சாலிப்ளாட்டின். அன்று சாயங்காலம் வீட்டில் ஐஸ் பையைப் பிடித்தவர் கரண்ட் அடித்த மாதிரி உதறிப் போட்டாராம். ஒரு மடக்கு மைலோ ஐஸ் குடித்ததும் தொண்டை அடைத்து, மூச்சே நின்றுவிடும் என்று பயந்துபோனார். இந்த மருந்துக்குக் குளிரே எதிரி. ஏறிய சில நாளைக்கு ஃபிரிட்ஜைத் திறக்கக்கூட கையுறை வேண்டும், குடிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தோம், மலாயில். வாயால் தமிழில் ஒருமுறை சொல்லியிருக்கலாம். அது எங்கள் தப்பு.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களும் தாங்களாக ஐஸ் வைக்கக்கூடாது. ஏற்கெனவே உணர்வு குறைந்த காலில் ஐஸ் சுட்டாலும் தெரியாது. குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலம் பாரிக்கிறவர்களும், கால் ரத்த ஓட்டம் சரியில்லாதவர்களும் அப்படியே.

அப்புறம் வெந்நீர். ஐஸ் என்றாலே “ஜன்னி வரும்” என்று சொல்லும் பாட்டிமார்கள், மரத்த காலை வெந்நீரில் வைக்கத் தயங்குவதில்லை. கால் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் வார்டுக்குத் தெரிகிறது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மரத்துப்போவதை முதல் வாரத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ அப்போது வழியுண்டு. சிலருக்குக் கீமோ முடிந்த பிறகும் சில வாரம் கூடிக்கொண்டே போகும், அதையும் மறைக்காதீர்கள்.

இப்போதெல்லாம் யார் ஐஸ் பெட்டியோடு வந்தாலும் முதலில் மருந்தின் பெயரைத்தான் கேட்கிறேன். “சிவப்பு மருந்து” என்று நிறம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பக்லிடாக்செல், ஆக்சாலிப்ளாட்டின் இரண்டுமே பார்க்கத் தண்ணீர் மாதிரி. அந்த ஐயா தன் சிகிச்சை அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார்.