மரத்தில் மோதிரப் பெட்டி: முதலில் மோதிரத்தை அளவெடுங்கள்

திருமணத்துக்குச் சம்மதம் கேட்கும் நாளுக்கென்று தன் கையாலேயே ஒரு பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் நல்ல மரத்தைத் தேடிப் போகிறார்கள். முதலில் வேண்டியது மோதிரத்தின் அளவு. மரமும் மெருகும் எவ்வளவு அழகாக இருந்தாலும், மூடும்போது கல் மூடியின் உட்புறத்தில் இடித்தால் அந்தப் பெட்டியால் பயனில்லை. பெட்டியை உள்ளிருந்து வெளியே வடிவமைக்க வேண்டும். வெளி அளவைத் தீர்மானித்துவிட்டு உள்ளே குடைவதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குத் தொடக்கம்.

வெர்னியர் காலிப்பரில் நான்கு அளவுகள் எடுங்கள்: வளையத்தின் வெளி விட்டம், வளையத்தின் அடியிலிருந்து கல்லின் உச்சி வரை மொத்த உயரம், கல் பதித்த தலைப்பகுதியின் அகலம், பட்டையின் அகலம். இவற்றில் மொத்த உயரம்தான் முக்கியம். விரல் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே விரல் அளவுள்ள இரண்டு மோதிரங்களில் கல்லின் உயரம் சில மில்லிமீட்டர் வேறுபடும். மோதிரம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், செய்கிறவரிடம் மொத்த உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன்பின் அதே அளவில் கம்பியும் களிமண்ணும் வைத்து ஒரு மாதிரி மோதிரம் செய்துகொள்ளுங்கள். உண்மையான மோதிரத்தைப் பட்டறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மோதிரத்தின் விட்டம் 21 மி.மீ., மொத்த உயரம் 27 மி.மீ. அது நிமிர்ந்து நிற்க 10 மி.மீ. ஃபோமுக்குள் இறங்க வேண்டும்; மீதி 17 மி.மீ. வெளியே தெரியும். அடிப்பெட்டியின் குழி 18 மி.மீ. ஆழம், ஃபோம் 12 மி.மீ. தடிமன் என்றால் ஃபோமின் மேல்மட்டம் விளிம்புக்கு 6 மி.மீ. கீழே இருக்கும். ஆக, விளிம்புக்கு மேலே மோதிரம் 11 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு 3 மி.மீ. இடைவெளி சேர்த்தால் மூடியின் குழி 14 மி.மீ. இந்தக் கணக்கு முடிந்த பிறகே மரம். 38 மி.மீ. விட்டமுள்ள குழி வைத்தால் மோதிரத்தை எடுக்க இரண்டு விரல் நுழையும். அதற்கு 55 × 55 மி.மீ. பரப்பும், 20 மி.மீ. மூடியும், 26 மி.மீ. அடிப்பெட்டியும் போதும். மூடிய பெட்டியின் உயரம் 46 மி.மீ. கோட்டுப் பையில் இது அடங்கும். காற்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய பெட்டிதான் வேண்டுமென்றால் மோதிரத்தைப் படுக்கவைத்து, மூடி பக்கவாட்டில் சுழன்று திறப்பதுபோல 20 மி.மீ. உயரத்துக்குள் செய்யலாம். ஆனால் திறந்தவுடன் கல் எதிரே நிற்பவரைப் பார்க்காது. எது வேண்டும் என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மரம்

தேக்கு, வால்நட், மேப்பிள் மூன்றும் இந்த வேலைக்கு ஏற்றவை. பைன் போன்ற மெதுமரத்தில் சின்னத் திருகுகள் பிடித்து நிற்காது. நாலு முறை திறந்து மூடினால் கீல் தளர்ந்துவிடும். ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை வெளிவிடும். மூடிய சிறு பெட்டிக்குள் முத்து பதித்த மோதிரத்தை நெடுநாள் வைக்க அது உகந்ததல்ல. ஈட்டி மரத்தின் தூசி பலருக்கு ஒவ்வாமை தரும். அந்த மரப் பேரினத்தில், இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டி மரம் தவிர மற்றவை எல்லாம் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. எங்கிருந்து வந்த மரம் என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வாங்கிய கட்டையை வேலை செய்யும் அறையிலேயே இரண்டு வாரம் காற்றுப்பட வைத்திருந்து பிறகு அறுங்கள். மூடியும் அடிப்பெட்டியும் ஒரே கட்டையிலிருந்து, மர வரிகள் ஒரே திசையில் ஓடும்படி வர வேண்டும். அப்போதுதான் பருவம் மாறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்கும். அழகுக்காக மூடியின் வரிகளைக் குறுக்கே திருப்பி வைத்தால், சில மாதங்களில் விளிம்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விரலில் தட்டுப்படும்.

அறுப்பதும் துளைப்பதும்

பெட்டி சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைக்காதீர்கள். இந்த வேலையில் நடக்கும் மோசமான காயங்கள் பெரும்பாலும் சிறு துண்டை இயந்திரத்தில் தள்ளுவதால் வருபவை. 55 மி.மீ. கட்டையை டேபிள் ஸாவில் (மேசை ரம்பம்) தள்ளினால் அதைப் பிடித்திருக்கும் விரல்கள் சுழலும் ரம்பச் சக்கரத்துக்கு அருகில் போயே தீரும். துண்டு சற்றுத் திரும்பினாலும் சக்கரம் அதைத் தூக்கி முகத்தில் எறியும். அதனால் 300 மி.மீ. நீளம், 55 மி.மீ. அகலம், 50 மி.மீ. தடிமன் உள்ள கட்டையாகவே வைத்துக்கொண்டு முடிந்தவரை எல்லா வேலையையும் முடியுங்கள். 55 மி.மீ. துண்டாக வெட்டுவது கடைசியில். அதுவும் கைரம்பத்தால், கிளாம்ப்பில் இறுக்கிப் பிடித்து.

கட்டையின் பக்கவாட்டில், மூடியாகவும் அடியாகவும் வரப்போகும் இரண்டு பாகத்தையும் தொட்டபடி ஒரு முக்கோணம் வரைந்துவிடுங்கள். பிரித்த பிறகு எது மேலே, எது முன்னே என்ற குழப்பமே வராது. பேண்ட் ஸாவில் (பட்டை ரம்பம்) கிடைமட்டமாகப் பிளந்து, அறுத்த முகங்களை இழைப்புளியால் சமன் செய்தால் 20 மி.மீ., 26 மி.மீ. என்று நிற்கும். அறுப்புக்கும் இழைப்புக்கும் சேர்த்து விட்டிருப்பது 4 மி.மீ. மட்டுமே, ரம்பம் கோணினால் மூடி மெலிந்துவிடும்.

குழிக்கு 38 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட், அதாவது அடி தட்டையான வட்டக் குழி போடும் துளைமுனை. டிரில் பிரஸ்ஸில் (நிலையாக நிறுத்திய துளையிடும் இயந்திரம்) நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் ஓட்டி, 3 மி.மீ.க்கு ஒருமுறை மேலே தூக்கித் தூளை வெளியேற்றுங்கள். வேகம் கூடினால் குழியின் சுவர் கருகும். அந்தக் கறையை உப்புத்தாளால் எடுப்பது பெரும்பாடு. இந்த பிட்டின் நடுமுனை வெட்டும் விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. நீட்டியிருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 20 மி.மீ. மூடியில் 14 மி.மீ. குழி போக 6 மி.மீ. மரம் மிச்சம் வைப்பது அதனால்தான். 3 மி.மீ. மட்டும் வைத்தால் மூடியின் நடுவில் ஓர் ஊசித்துளை எட்டிப்பார்க்கும்.

மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. ஒரே ஒரு பெட்டிதானே என்று முகக்கவசத்தை ஒதுக்காதீர்கள்.

கீலும் காந்தமும்

பெட்டி திறக்கும் அந்த நொடி கீலைப் பொறுத்தது. மூடி 95 முதல் 100 பாகையில் தானாக நிற்க வேண்டும். 90-க்குள் நின்றால் கை எடுத்ததும் மூடி விழுந்து மூடிக்கொள்ளும். 180 வரை போனால் மூடியின் எடை பெட்டியைப் பின்னால் சாய்க்கும். 20 மி.மீ. நீளமுள்ள பித்தளைக் கீலை, அதன் அச்சு பின்முகத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே வரும்படி பதியுங்கள். அச்சு இருக்கும் கோட்டிலிருந்து பின்முகம் நோக்கி இரண்டு பாகத்தின் விளிம்பையும் சரிவாக இழைத்துவிடுங்கள். இரண்டு சரிவும் 45 பாகை என்றால் மூடி 90-இல் நிற்கும். 50 பாகை என்றால் 100-இல் நிற்கும்.

கீலுக்கான பள்ளத்தை உளியால் எடுக்கும்போது ஆழத்தில் அரை மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம். ஆழம் கூடினால் பின்பக்கம் முன்னதாகவே முட்டி, முன்பக்கம் வாய் திறந்தபடி நிற்கும். குறைந்தால் பின்னால் வெளிச்சம் தெரியும். சந்தேகம் வந்தால் ஆழம் குறைவாகவே நிறுத்தி, பொருத்திப் பார்த்துச் செதுக்குங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. திருகுக்கு முன்துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி மரையை உண்டாக்கிவிட்டு, பிறகு மெழுகு தடவிய பித்தளைத் திருகை ஏற்றுங்கள். பித்தளையை நேரடியாக முறுக்கினால் தலை முறிந்து, உடல் மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

மூடியைப் பிடித்து வைக்க 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள நியோடைமியம் காந்தம் ஒரு ஜோடி போதும். பலமாக இருக்கட்டும் என்று இரண்டு ஜோடி வைக்கிறார்கள். அப்போது மூடி வெடுக்கென்று திறந்து மோதிரம் துள்ளி விழும். ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் இரும்புத் திருகின் தலை என்று வைத்தால் இழுவிசை இன்னும் மிருதுவாக இருக்கும். என் தேர்வு இதுதான். இரண்டும் காந்தம் என்றால், ஒட்டுமுன் எந்த முகம் எந்த முகத்தை இழுக்கிறது என்று பார்த்து மார்க்கரால் குறியுங்கள். ஒட்ட எப்பாக்ஸி பசை போதும். சூப்பர் குளூ வேண்டாம்: அதன் ஆவி மூடிய குழிக்குள் வெள்ளைப் படலமாகப் படியும், பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

மிச்சக் காந்தங்களைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். அப்படி நேர்ந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் இந்தப் பெட்டியை மார்புப் பையில் வைக்கக் கூடாது. கருவிக்கும் காந்தத்துக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

மெருகும் உட்புறமும்

120, 180, 240, 320 என்று உப்புத்தாளை வரிசையாக மாற்றித் தேயுங்கள். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வகை மெருகு அழகாக இருக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகும். பெட்டியின் உள்ளே பூசி மூடிவிட்டால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், திறந்தவுடன் எண்ணெய் வாடை அடிக்கும். உட்புறத்தை வெறும் மரமாக விடுங்கள், அல்லது ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசுங்கள். வெளிப்பூச்சு முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். மரம் பழகும் நாளையும் சேர்த்தால், குறித்த நாளுக்கு ஆறு வாரம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது பிறக்கும் வெப்பம் துணி மடிப்புக்குள் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். மடிப்பு இல்லாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.

உள்ளே துணி வைக்கும் முன் குழியைத் தூரிகையாலும் ஈரத்துணியாலும் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாளிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் தங்கத்தையும், ஓப்பல், முத்து போன்ற மென்மையான கற்களையும் கீறும். கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம் உண்டு. வெள்ளி மோதிரம் அதனால் கறுக்கும். ரப்பர் பசையும் அப்படியே. மைக்ரோஃபைபர் சூயிட் துணி எடுத்துக்கொள்ளுங்கள். வெல்வெட்டின் நூல்கள் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் சிக்கும். பாலியூரித்தேன் ஃபோம் நாளடைவில் மஞ்சளாகி உதிரும் என்பதால் பாலிஎத்திலீன் ஃபோம் நல்லது. 36 மி.மீ. வட்டமாக வெட்டி, அதை இரண்டு அரைவட்டமாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே துணியால் சுற்றிக் குழிக்குள் அமுக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள பிளவுதான் மோதிரத்தைப் பிடித்துக்கொள்ளும் இடம். கத்தியால் ஒரு கீறல் போட்டுச் செருகுவதைவிட இது பல மடங்கு உறுதி. பசையும் தேவையில்லை, அடியில் ஒரு துண்டு இரட்டைப் பக்க டேப் போதும்.

கடைசிச் சோதனை மாதிரி மோதிரத்தோடு. பெட்டியைத் திறந்து தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். மோதிரம் விழக் கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் தயங்காமல் வர வேண்டும். அடுத்து, பெட்டியை உள்ளங்கையில் வைத்து அதே கையின் கட்டைவிரலால் மட்டும் திறந்து பாருங்கள். முடியாவிட்டால் மூடியின் முன்விளிம்பில் 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு நகப்பள்ளம் எடுங்கள். பைக்குள் பார்க்காமல் கைவிட்டாலும் முன்பக்கம் எது என்று விரலுக்கு அது சொல்லிவிடும். பெட்டி தலைகீழாகவோ பின்பக்கமாகவோ வெளியே வராது.