ஆட்கொணர்வு: ஒரு சொல், ஒரு கட்டளை

'ஆட்கொணர்வு மனு தாக்கல்' என்று செய்தியில் அடிக்கடி படிக்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் பேச்சில் இது வெறும் 'ஹெச்.சி.பி.', அதாவது ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன். மூலம் இலத்தீன்: ஹேபியஸ் கார்பஸ். கார்பஸ் என்றால் உடல், இங்கே உயிரோடிருக்கும் ஆள். ஹேபியஸ் என்பது 'நீ வைத்திருக்க வேண்டும்' என்று எதிரில் நிற்பவரிடம் சொல்லும் வினை. யாரிடம்? கைதியிடம் இல்லை, அவரை அடைத்து வைத்திருக்கும் அதிகாரியிடம். ஆளை என் முன்னால் நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல், அவ்வளவுதான்.

தமிழில் ஆள் + கொணர்வு. கொணர் என்றால் கொண்டு வா. ககரத்துக்கு முன்னால் ளகரம் டகரமாகி 'ஆட்கொணர்வு' ஆகிறது. இலத்தீன் சுற்றி வளைத்துச் சொல்வதைத் தமிழ் நேராகச் சொல்லிவிடுகிறது, மூலத்தைவிட இதுதான் தெளிவு என்பேன். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: மனு நாம் போடுவது, நீதிமன்றம் பிறப்பிப்பது ஆட்கொணர்வு ஆணை. சட்டத்தமிழில் அதை நீதிப்பேராணை என்பார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு அரசமைப்பின் 32-வது பிரிவும் உயர் நீதிமன்றங்களுக்கு 226-வது பிரிவும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன.

சரி, கட்டளையிட வேண்டிய நீதிபதியே வாய் திறக்காவிட்டால்? நெருக்கடி நிலையில் அதுதான் நடந்தது. பல உயர் நீதிமன்றங்கள் இந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தும், 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், சட்டவிரோதமாகவே அடைத்திருந்தாலும் இப்போது யாரும் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று தீர்ப்பெழுதினார்கள். ஹெச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஜனவரியில் பணிமூப்பில் முன்னால் இருந்த அவரைத் தாண்டி எம்.ஹெச். பெய்க் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை ஆனது.

நெருக்கடி நிலை விலகிய 1977 மார்ச்சில், கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுவோடு வந்தார். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவரான அவர் மகன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஓராண்டு ஆகியிருந்தது. ராஜனைக் கொண்டு வந்து நிறுத்துங்கள் என்றது நீதிமன்றம். அரசால் முடியவில்லை, அவர் காவலிலேயே இறந்துபோயிருந்தார். முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. அப்பாவுக்கோ மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.