போனில் வரும் இணையம் கணினியில் வராதது ஏன்?

குலசேகரத்தில் இருக்கும் மாமாவிடமிருந்து போன ஐப்பசி முழுவதும் ஒரே புகார். "மக்களே, போனில் எல்லாம் வருகிறது. மாடியில் இருக்கும் கணினியில் மட்டும் ஒன்றும் திறக்கவில்லை." காலையில் ரப்பர் வாரியம் வெளியிடும் விலையைப் பெரிய திரையில் பார்த்துக் குறித்துவைப்பது அவருடைய வழக்கம். இணைய நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. போகிறபோக்கில் மாமா சொன்ன இன்னொரு செய்திதான் என்னை நிமிர வைத்தது: "கரண்டு போய் வந்தால்தான் இந்தத் தொல்லை."

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசியில் பிற்பகல் இடி இறங்கினால் மின்சாரம் போவது புதிதல்ல. ஆனால் மின்தடைக்கும் ஒரே ஒரு கணினிக்கும் என்ன பகை?

முதலில் பார்க்க வேண்டியது, வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்து சேரும் ஃபைபர் பெட்டியின் விளக்குகளை. தென்னை மட்டை விழுந்து கண்ணாடி இழை அறுந்தாலோ அளவுக்கு மீறி வளைந்தாலோ, பெட்டிக்கு வர வேண்டிய ஒளி வராது. சிவப்பு விளக்கு எரியும். அப்போது வீட்டுக்குள் எதைத் தொட்டும் பயனில்லை. மாமா வீட்டில் சிவப்பு இல்லை, போனிலும் வைஃபை வழியாக இணையம் வருகிறது. ஆகவே குற்றம் வீட்டுக்குள்ளேதான்.

அடுத்தது முகவரி. இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் வேண்டும். இன்றும் பெரிதும் புழங்கும் பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்கள்தான் உண்டு. உலகத்துக்கு அது போதாது. அதனால் சில எண் வரிசைகளை வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1990-களில் ஒதுக்கிவைத்தார்கள். 192.168 என்று தொடங்கும் வரிசை அதில் ஒன்று. எல்லா ஊரிலும் ஒன்றாம் எண் வீடு இருப்பதைப் போல, தக்கலையிலும் டோக்கியோவிலும் ஒரே நேரத்தில் 192.168.1.1 இருக்கலாம், மோதாது.

இந்த எண்ணை நாம் யாரும் கையால் எழுதிக் கொடுப்பதில்லை. கணினி விழித்ததும், "எனக்கு முகவரி தருபவர் யாராவது உண்டா?" என்று வீட்டு வலைப்பின்னல் முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். வீட்டுக் கருவிகளை இணையத்தோடு சேர்த்துவைக்கும் ரவுட்டர் ஒரு முகவரியை நீட்டும். மாமா வீட்டில் ஃபைபர் பெட்டிக்குத்தான் இந்த வேலையும். கூடவே, "வெளியே போக வேண்டுமானால் இந்த வாசல் வழியாகப் போ" என்று தன் எண்ணையும் சொல்லும். டி.எச்.சி.பி. என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர். கேட்பவரிடம் ஒரு பலவீனம் உண்டு: பதில் சொல்பவர் உண்மையான வாசல்காரர்தானா என்று சோதிப்பதில்லை. பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்ளும்.

மாமாவின் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தேன்: முகவரி 192.168.1.9, வாசல் 192.168.1.1. மாடிக்கு ஏறிக் கணினியில் பார்த்தேன்: முகவரி 192.168.0.5, வாசல் 192.168.0.1. மூன்றாவது இடத்தில் ஒன்றுக்குப் பதில் பூஜ்யம். ஒரே வீட்டில் இரண்டு வாசல்! கணினி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, தூசி படிந்த பழைய ரவுட்டர் ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அது அங்கே வந்த கதைக்கு அந்த வீட்டின் சுவர்தான் காரணம். வெட்டுகல்லால் கட்டிய பழைய வீடு அது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டிலும் தடித்த சுவரில் வேகமாக வலுவிழக்கும். வெட்டுகல்லோ நுண்துளை நிறைந்தது, மழையில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரம் இந்த அலைகளை இன்னும் விழுங்கும். மாடிக்கு வைஃபை எட்டாததால், யாரோ கீழிருந்து ஒரு கேபிளை இழுத்து, பழைய ரவுட்டரில் செருகி, அதிலிருந்து கணினிக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் முகவரி வழங்கும் பழைய வேலையிலிருந்து அந்த ரவுட்டரை யாரும் விடுவிக்கவில்லை.

மின்தடையின் புதிர் இங்கேதான் அவிழ்ந்தது. மின்சாரம் திரும்பியதும் பழைய ரவுட்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. ஃபைபர் பெட்டி தயாராக இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. மாமாவோ விளக்கு எரிந்த உடனே கணினியை இயக்கிவிடுவார். கணினி முகவரி கேட்கும் அந்த நேரத்தில் விழித்திருப்பது பழைய ரவுட்டர் மட்டுமே. அது தன்னையே வாசலாகக் காட்டுகிறது. அந்த வாசலுக்கு அப்பால் இணையம் இல்லை, சுவர்தான். போன் தப்பித்த காரணமும் இதுவே: அது ஃபைபர் பெட்டியின் வைஃபையில்தான் சேரும். அந்தப் பெட்டி எழுந்த பிறகே அதனால் முகவரி கேட்க முடியும். பக்கத்திலிருந்து சரியான பதிலும் கிடைத்துவிடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, கணினியிலிருந்து 192.168.0.1-க்கு பிங் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு அனுப்பினேன், பதில் இல்லை. பிங் மிக எளிய கருவி. 1983-இல் மைக் மஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போலவே இதுவும் ஒரு சிறு செய்தியை அனுப்பிக் காத்திருக்கும். எந்த இடம் வரை எதிரொலி வருகிறது என்று பார்த்தால், அறுந்த இடம் தெரிந்துவிடும். வெளி எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைத் தட்டும்போது மட்டும் திறக்காமல் இருந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம் தேட வேண்டும். இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி.யை நிறுத்தினேன். அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றினேன். கேபிள், வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான அதன் லேன் துளையில்தான் செருகியிருந்தது, அப்படியே விட்டேன். இனி அது வெறும் இணைப்புப் பலகைதான், யாருக்கும் வழி சொல்லாது.

பிறகு மாமாவிடம் சொல்லி மெயின் சுவிட்சை அணைத்துப் போட வைத்தேன். கணினி எழுந்தது. முதலில் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரி தெரிந்தது. முகவரி தருபவர் ஒருவரும் கிடைக்காதபோது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் தற்காலிக எண் அது. மாமாவின் முகம் வாடியது. கீழே ஃபைபர் பெட்டி இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்றேன். அத்தை கொண்டுவந்த கட்டன் சாயாவைக் குடித்து முடித்துத் திரையைப் பார்த்தோம். 192.168.1.14. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைய ரப்பர் விலையைத் திறந்தார்.