பட்டியலில் கம்பெனி பெயர் இருந்தால் போதாது

கடந்த மாதம் பல்லடம் பகுதி நூற்பாலை உரிமையாளர் ஒருவர், தம் சூரிய மின்நிலைய ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, பேனல்களையும் ஆலை வளாகத்தில் இறக்கிய பிறகே, அவற்றின் மாடல் எண் மத்திய அரசின் ஏ.எல்.எம்.எம். எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட மாடல்கள், உற்பத்தியாளர்கள் பட்டியலில் இல்லை என்பது தெரிய வந்திருக்கிறது. “கம்பெனி பேரு இருக்குதுங்களே” என்றார். இவ்வாண்டில் இதைச் சொன்ன நான்காவது ஆள் அவர்.

அந்தப் பட்டியல் மாடல்களுக்கும் உற்பத்தியாளருக்கும் சேர்த்தே அங்கீகாரம் தருவது. நிறுவனம் இடம்பெற்றதனால் அது விற்கும் மாடல்கள் அனைத்தும் இடம்பெற்றுவிடுவதில்லை. ‘இந்தியத் தயாரிப்பு’ என்ற சொல் இதைவிட வழுக்கலானது. பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சில்லுகளான செல்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து இங்கே பேனலாக்கினாலும் அது இந்தியத் தயாரிப்பு என்றே விற்கப்படுகிறது. ஆனால் டி.சி.ஆர். எனப்படும் உள்நாட்டு உற்பத்தி நிபந்தனைக்கு செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் உருவாகியிருக்க வேண்டும். வீட்டுக் கூரைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பிஎம் சூர்யகர் திட்டத்தில் அந்த நிபந்தனை உண்டு. மானியமின்றித் திறந்தவெளி அணுகலில், அதாவது வேறிடத்து மின்நிலையத்திலிருந்து பொது மின்கம்பி வழியாக, ஆலைக்கு மின்சாரம் கொண்டுவருபவருக்கு ஏ.எல்.எம்.எம். மட்டுமே நிபந்தனை. ஒன்றின் சான்றைக் காட்டி மற்றொன்றின் பெயரால் விலை பேசுகிறவர்கள் குறையவே இல்லை.

அவருடைய ஒப்பந்தத்தில் என்னை அதிகம் உறுத்தியது, சட்ட மாற்றத்தால் வரும் செலவு முழுவதும் வாங்குபவரைச் சேரும் என்ற ஒற்றை வரி. உள்நாட்டு செல் நிபந்தனை தொடர்பாக அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2016-ல் உலக வர்த்தக அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2024 டிசம்பரில் வந்த ஆணை, செல்களுக்கென ஏ.எல்.எம்.எம். இரண்டாம் பட்டியலை 2026 ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. விதிகள் இப்படி மாறிக்கொண்டிருக்கும் துறையில் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திடலாமா?

மாடல் எண்ணை ஒப்பந்த இணைப்பில் எழுதச் சொல்லுங்கள். மின் இணைப்புக் கிடைக்கும் நாளில் பட்டியலில் இல்லாத பேனலை, விற்பவரே தம் செலவில் மாற்றித் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். பலர் சேர்ந்து சொந்தப் பயன்பாட்டுக்கு மின்நிலையம் வைத்துக்கொள்ளும் கூட்டு கேப்டிவ் முறையில் பங்கு வாங்குபவர்கள், நுகர்வோர் அனைவரும் சேர்ந்து 26 சதவீத உரிமையும் ஆண்டு உற்பத்தியில் 51 சதவீத நுகர்வும் காட்டத் தவறினால் கூடுதல் கட்டணம் யார் தலையில் விழும் என்பதைக் கேட்டுத் தெளியுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, விளம்பரத் தாளை அல்ல, ஒப்பந்த வரைவையே எங்களிடம் கொண்டு வாருங்கள்.