பாலமே இல்லாத பாலத்தலை

இரண்டாம் உலகப்போரைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்நூலுக்கு வரைபடம் வரைந்து தரும் இளைஞர் ஒரு மாலையில் தொலைபேசியில் அழைத்தார். "சார், புக்ரின் பாலத்தலைன்னு எழுதியிருக்கு. பாலத்தை ஆத்துல எந்த இடத்துல வரையட்டும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. தலை என்று ஒன்று இருந்தால் உடல் எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் 1943 செப்டம்பர் 22 அன்று சோவியத் படையின் முதல் வீரர்கள் உக்ரைனில் ஓடும் நீப்பர் ஆற்றின் புக்ரின் வளைவில் மேற்குக் கரையேறியபோது அங்கே பாலம் என்று எதுவும் இல்லை. மீனவர்களின் படகுகளும், பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பங்களும், வீடுகளிலிருந்து கழற்றி வந்த கதவுகளும்தான் இருந்தன. இந்தப் 'பாலத்தலை'யை இதற்கு முன்பும் பல மொழிபெயர்ப்புகளில் சந்தித்து முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் அது ஓர் ஓவியரை இல்லாத பாலத்தைத் தேட வைத்த பிறகும் சும்மா இருப்பது சரியாகப் படவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் பாலத்தின் எதிரிப்பக்கக் கோடியில் எழுப்பிய காப்பரணுக்குத் 'தேத் த போன்' என்று பெயரிட்டார்கள்; பாலத்தின் தலை என்பதே அதன் நேர்ப்பொருள். ஜெர்மானியரின் 'புரூக்கென்கோப்', ஆங்கிலேயரின் 'பிரிட்ஜ்ஹெட்' இரண்டும் அதே வார்ப்பு. காலப்போக்கில் அரணும் பாலமும் பொருளிலிருந்து உதிர்ந்துபோய், ஆற்றுக்கு அப்பால் ஒரு படை கைப்பற்றித் தக்கவைத்துக்கொண்ட நிலப்பகுதி எதுவானாலும் அந்தப் பெயரைப் பெற்றது. ரஷ்யர்கள் இந்த வழியில் போகவில்லை. அவர்கள் சொல்லும் 'பிளத்ஸ்தார்ம்' என்பதும் பிரெஞ்சு மூலம் கொண்டதே, ஆனால் அது 'பிளாஸ் தார்ம்', அதாவது படைக்கலத்தோடு வீரர்கள் அணிதிரளும் வெளி. ஒரு மொழி பாலத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, மற்றொன்று நிலத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில வழியாகவே ரஷ்யப் போரையும் படிப்பதால், அந்தப் போரை நடத்தியவர்கள் தம் சொல்லில் வைக்காத பாலம் தமிழுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பாலத்தலைக்கு எதிரான என் முதல் வழக்கு, அது நிகழ்ச்சியின் வரிசையைத் தலைகீழாக்குகிறது என்பது. கூர்ஸ்க் போரில் தோற்ற பிறகு ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் தெற்குப் படைத்தொகுதி பின்வாங்கிக்கொண்டே வந்தது. செப்டம்பர் நடுவில் ஹிட்லர் அரைமனத்தோடு இசைந்த பிறகு, கீவ், கானெவ், செர்க்காசி, கிரெமென்சுக் போன்ற ஒருசில இடங்களில் மட்டும் நீப்பரைக் கடந்து, கடந்த கையோடு பாலங்களைத் தகர்த்தது. விரட்டி வந்த சோவியத் படைக்குப் பாலமும் இல்லை, மிதவைப் பாலத் தளவாடங்களும் வந்து சேரவில்லை. ஆற்றின் கிழக்குக் கரை தாழ்ந்தது, மேற்குக் கரை உயர்ந்தது. மேலே இருப்பவனுக்குக் கீழே ஆற்றில் மிதக்கும் தலைகள் அத்தனையும் தெரியும். மழைக்கோட்டுத் துணிக்குள் வைக்கோலைத் திணித்து அதைப் பிடித்துக்கொண்டு நீந்தியவர்கள் அந்தக் கரையில் கையகல நிலத்தைப் பிடித்தார்கள். பிடித்த நிலத்தை விடாமல் வைத்திருந்ததால்தான், பின்னர் குண்டுவீச்சுக்கு நடுவே, மிதவைப் பாலமும் மரப் பாலமும் கட்ட முடிந்தது. நிலம் முந்தியது, பாலம் பிந்தியது. நீப்பரைக் கடந்ததற்காக மட்டும் 2,438 பேருக்குச் சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்ற பட்டம் வழங்கப்பட்டது என்றால், பாலம் இல்லாமல் கடந்ததுதான் அதற்குக் காரணம். அந்த இடத்துக்கே பாலத்தின் பெயரை வைப்பது, நடந்ததில் எது அரிதோ அதையே வாசகனின் கண்ணிலிருந்து மறைப்பதாகும்.

இரண்டாவது வழக்கு, 'தலை' என்ற சொல்லைப் பற்றியது. நீரோடு சேர்ந்து வரும்போது தமிழில் தலை என்பது தொடக்கத்தைக் குறிக்கும். தலைமடை என்றால் நீர் முதலில் பாயும் மடை. அதன் மறுகோடி கடைமடை. தலைவாய்க்கால், தலைக்காவேரி, தலைவாசல் எல்லாமே நாம் புகும் பக்கத்தைச் சொல்கின்றன. ஆகவே பாலத்தலை என்று கேட்கும் உழவர் ஒருவர், பாலம் தொடங்கும் இந்தப் பக்கத்தைத்தான் நினைப்பார். சொல்ல வந்ததோ எதிரி நிற்கும் அந்தப் பக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 'பாலக்கடை' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! அதைக் கேட்டால் தேநீர் நினைவுக்கு வரும் என்பது வேறு கதை.

மூன்றாவது, இந்தச் சொல்லோடு சேரும் வினைகள். நிலம் என்றால் அகலும், சுருங்கும், பறிபோகும். தலை என்ன செய்யும்? "பாலத்தலை விரிவாக்கப்பட்டது" என்று அந்த மெய்ப்பில் ஓரிடத்தில் இருந்தது. நெடுஞ்சாலைத் துறையின் அறிக்கை போல் ஒலித்தது. வேறோரிடத்தில் "பாலத்தலையை ஒழிக்க ஜெர்மானியர் முயன்றனர்" என்றிருந்தது. ஆற்றைக் கடந்து வந்தவர்களை மீண்டும் ஆற்றுக்குள் தள்ள முயன்றார்கள் என்பது செய்தி. பாலத்துக்கு வெடி வைத்தார்கள் என்பதே வாசகனுக்குக் கிடைப்பது. ஒரு கலைச்சொல் அடிக்குறிப்பைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் நடக்கும் என்றால், அதற்குக் கால் இல்லை என்று பொருள்.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அதே போரில், அதே ஆற்றில், உண்மையான பாலத்தலைகளும் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள். பின்வாங்கும் படை பாலத்தைக் கடந்து முடியும்வரை அதன் கிழக்குக் கோடியைக் காத்து நின்றாக வேண்டும். பழைய பிரெஞ்சுச் சொல் அச்சுப் பிசகாமல் பொருந்தும் இடம் அது. சப்போரிழியாவில் ஆற்றுக்குக் கிழக்கே அவர்கள் அப்படியொரு பகுதியை வைத்திருந்து அக்டோபர் 14 அன்று இழந்தார்கள். அங்கே அணையும் இருந்தது, பாலமும் இருந்தது. இத்தகைய இடத்துக்குப் 'பாலக்காப்பு' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது என்பதற்காக நாமும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட வேண்டியதில்லை. ஒரு மொழி வறுமையால் செய்வதை மற்றொரு மொழி மரியாதையால் செய்வது வேடிக்கைதான்.

இனி மாற்றுச் சொற்களைப் பார்ப்போம். 'முன்னரண்' என்று சிலர் எழுதுகிறார்கள்; ஆறு என்ற செய்தியே அதில் இல்லை, பாலைவனத்திலும் முன்னரண் இருக்கலாம். 'தளம்' என்பது இன்று எல்லாவற்றுக்கும் ஆகிவந்துவிட்டது: விமானத்தளம், இணையத்தளம், கட்டடத்தின் மூன்றாம் தளம். தனித்தமிழில் ஊறிய நண்பர் ஒருவர், அகழி நீரில் நடக்கும் போருக்குப் பழைய புறத்திணை இலக்கணம் வைத்த 'பாசி' என்ற துறைப்பெயரை மீட்டெடுக்கலாமே என்றார். அழகான சொல்தான். ஆனால் அது நீரில் நடக்கும் சண்டையின் பெயர், சண்டைக்குப் பின் கையில் மிஞ்சும் நிலத்தின் பெயரன்று. அதுவும் கோட்டை அகழிக்கு உரியது. "புக்ரின் பாசி" என்று அச்சிட்டால் சுகாதாரத் துறைதான் விசாரிக்க வரும்.

'பாலமுனை' என்றும் ஒரு வடிவம் உலவுகிறது. முனை என்பதற்குப் போர்க்களம் என்ற பொருளும் இருப்பதால் பாலத்தலையைவிட இது ஓரளவு தேவலை, ஆனால் பாலம் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவிர, இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் பாலமுனை என்று ஓர் ஊரே இருக்கிறது. அதற்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஊரின் பெயரைப் பாருங்கள்: அக்கரைப்பற்று. கிழக்கிலங்கையில் 'பற்று' என்பது நிலப்பிரிவைக் குறிக்கும் பழைய நிர்வாகச் சொல். பற்றுதல் என்ற வினையும் அதற்குள் இருக்கிறது. அக்கரையில் பற்றிய நிலம்! நான் தேடிய சொல் ஓர் ஊரின் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருந்தது. உயிரோடிருக்கும் ஊரின் பெயரைப் போர்க் கலைச்சொல்லாக்க மனம் வரவில்லை. அப்படி ஆக்கினால் "புக்ரின் அக்கரைப்பற்று" என்று படிக்கும் கிழக்கிலங்கை வாசகர் நம்மை மன்னிக்க மாட்டார். எனவே பற்றை விட்டுப் பிடியை எடுத்துக்கொண்டேன். அக்கரைப்பிடி. கடலிலிருந்து தரையிறங்கிப் பிடித்த நிலத்துக்கு முன்னொட்டு இல்லாமல் கரைப்பிடி என்றே சொல்லிவிடலாம்.

'அக்கரை' என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது நிற்பவனைப் பொறுத்து மாறும் சொல். சோவியத் படைக்கு நீப்பரின் மேற்குக் கரை அக்கரை. அங்கே பிடித்த புக்ரின் அவர்களின் அக்கரைப்பிடி. நிக்கோப்போல் அருகே மாங்கனீசுச் சுரங்கங்களைக் காப்பதற்காக ஜெர்மானியர் 1944 பிப்ரவரி வரை ஆற்றின் கிழக்கே ஒரு பகுதியை விடாமல் வைத்திருந்தார்கள். அது அவர்களின் அக்கரைப்பிடி. யாருடையது என்று சொன்ன மாத்திரத்தில் எந்தக் கரை என்பது தானே விளங்கிவிடுகிறது. பாலத்தலையில் இந்த வசதி கிடையாது.

ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். பிடி என்பது உறுதியைச் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை. ரஷ்யச் சொல்லின் உயிரோ இடத்தில்தான் இருக்கிறது, அதற்குப் புக்ரினே சான்று. செப்டம்பர் 24 இரவில் அதற்குத் துணையாக இறக்கப்பட்ட வான்குடைப் படையினர் சிதறி, பலர் ஜெர்மானியர் தலைமேலேயே போய் விழுந்தார்கள். பிறகு அக்டோபரில் அங்கிருந்து இரண்டு முறை தாக்கியும் முன்னேற முடியவில்லை. பிடி தளரவில்லை, நிலம்தான் உதவவில்லை. ஓடைகளும் பள்ளங்களும் அரித்துப்போட்ட அந்த மேட்டில் டாங்கிகள் அணிவகுக்க வழியில்லை. கீவுக்கு வடக்கே லியூத்தெஜில் பிடித்திருந்த நிலம் சதுப்பும் காடுமானது, ஆனால் மறைவு தந்தது. அங்கே போய்ச் சேர்வதற்காகச் சோவியத் தளபதி கிராவ்செங்கோவின் டாங்கிகள் தெஸ்னா ஆற்றின் அடித்தரையிலேயே ஊர்ந்து கடந்தன. இண்டு இடுக்குகளில் தார் தோய்த்த சணல்நாரைத் திணித்து நீர் புகாமல் அடைத்திருந்தார்கள். அக்டோபர் இறுதியில் ரிபால்கோவின் டாங்கிப் படையும் புக்ரினில் போலி டாங்கிகளை நிறுத்திவிட்டு, நீப்பரைத் திரும்பக் கடந்து, இரவுகளில் வடக்கே நகர்ந்து, தெஸ்னாவையும் மறுபடி நீப்பரையும் தாண்டி லியூத்தெஜுக்குள் நுழைந்தது. நவம்பர் 3 அன்று தாக்குதல் தொடங்கியது. 6ஆம் நாள் கீவ் மீட்கப்பட்டது. இப்படி நிலத்தின் கொள்ளளவே பேச்சாக வரும் இடத்தில் 'அக்கரைப் பிடிநிலம்' என்று ஒரு சொல்லைக் கூட்டி எழுதிக்கொள்வது நல்லது. சற்று நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

பாலத்தலையை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் அது தனியாக வருவதில்லை. அதே மெய்ப்பில் "வொரோனெஷ் போர்முனையின் தளபதி வத்தூத்தின்" என்றிருந்தது. சோவியத் வழக்கில் 'பிரண்ட்' என்பது முனையன்று, பல சேனைகளைக் கொண்ட ஒரு படைத்தொகுதியின் பெயர். 1943 அக்டோபர் 20 அன்று வத்தூத்தினின் வொரோனெஷ் படைத்தொகுதிக்கு முதலாம் உக்ரைன் படைத்தொகுதி என்று பெயர் மாற்றினார்கள். இதை அறியாமல், தளபதி வொரோனெஷிலிருந்து உக்ரைனுக்கு இடம் மாறிவிட்டதாக அடுத்த பக்கத்தில் ஒரு வரி தானாகவே முளைத்திருந்தது! வலக்கரை, இடக்கரை என்பதும் இப்படித்தான். ஆறு ஓடும் திசை நோக்கி நின்று சொல்லும் வழக்கு அது. தெற்கு நோக்கி ஓடும் நீப்பருக்கு மேற்கே வலக்கரை. வரைபடத்தை மேசையில் விரித்துத் தம் வலக்கைப் பக்கத்தை வலக்கரையாக்கிக்கொண்ட மொழிபெயர்ப்பாளர், இரண்டு அத்தியாயம் முழுவதும் இரு படைகளையும் கரை மாற்றி நிறுத்தியிருந்தார். தூய தமிழா, வழக்குத் தமிழா என்று நாம் போடும் சண்டைக்கெல்லாம் முன்பாக, சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருளை ஒரு முறை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்திருந்தால் இவற்றில் பாதி நேர்ந்திருக்காது.

ஓவியருக்கு அன்று மாலையே பதில் சொன்னேன். ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி, புக்ரினிலும் லியூத்தெஜிலும் இரண்டு அரைவட்டங்களைச் சாய்கோடுகளால் நிரப்பச் சொன்னேன். பாலக்குறி வேண்டாம் என்றேன். நூலின் உள்ளே ஆசிரியர் குழு பாலத்தலையை விட்டுக்கொடுக்கவில்லை. அச்சுக்கு நாள் நெருங்கிவிட்டது என்றார்கள். வரைபடம் மட்டும் என் பொறுப்பில் இருந்ததால் அதில் அக்கரைப்பிடி என்று இரண்டு இடத்திலும், சப்போரிழியாவில் பாலக்காப்பு என்று ஓரிடத்திலும் எழுதவைத்தேன். அச்சான நூலைப் படித்த முதல் வாசகர், வரைபடத்தில் பாலத்தலையைக் காணவில்லையே என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.