சளிதானே என்று வார்டுக்குள் வராதீர்கள்

போன வாரம் எங்கள் எலும்பு முறிவு வார்டில் இருந்து ஒரு பெரியவரை ஐசியூவுக்கு மாற்றினோம். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். மாட்டுக் கட்டுத்தறியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நான்காம் நாள் வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். எட்டாம் நாள் காலையில் பெயர் கேட்டால் ஏதேதோ உளறினார். ஆக்சிஜன் அளவு 86க்கு இறங்கியிருந்தது. பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ்.

வீட்டில் இருந்து அவர் கொண்டுவந்த நோய் அல்ல அது. இன்ஃப்ளூயன்சா உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். எட்டு நாளாக எங்களிடம் படுத்திருந்தவருக்கு எங்கள் வார்டில்தான் ஒட்டியிருக்கிறது. நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருக்கும் எனக்கு இந்த ஐப்பசியில் மட்டும் இது மூன்றாவது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு ஆம்னி வேனில் ஏழு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். தம்பி மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க தம்பி, சளியா?" என்று கேட்டேன். "காய்ச்சலெல்லாம் இல்லீங்க சிஸ்டர். பனி ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றார். நான் மாஸ்க் எடுத்து வருவதற்குள், அதே கையால் கமலா ஆரஞ்சை உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சுளையைப் பெரியப்பா வாயில் வைத்தார். அவ்வளவு பிரியம். அதே நாட்களில் எங்கள் நைட் ட்யூட்டி சிஸ்டர் ஒருவரும் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு அந்த வார்டில் வேலை பார்த்திருக்கிறார். இருவரில் யாரிடமிருந்து வந்தது, அல்லது மூன்றாவது ஒருவரிடமிருந்தா என்று என்னால் சொல்ல முடியாது.

பனி ஒத்துக்கல, தண்ணி மாறிருச்சு, ஏசி சேரலை. இந்த மூன்றையும் தினமும் கேட்கிறேன். பனியால் வந்தது என்றால் அடுத்தவருக்கு ஒட்டாது என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறதே, அங்குதான் எனக்குக் கோபம் வருகிறது. மார்கழி நடுராத்திரியில் கரண்டு வரும் நேரம் பார்த்து எழுந்து மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டுகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்? முழங்கால் வரை ஈரம், தலையில் பனி. பனிதான் காரணம் என்றால் அவர்கள் மாதம் பூராவும் படுத்தல்லவா கிடக்க வேண்டும்? மழைக்காலத்தில் சளி கூடுகிறது, சரி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி இருக்கிறோம், குளிர்ச்சியும் வைரஸுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் விதை விழாமல் மழை மட்டும் பெய்து சோளம் முளைக்காது. அந்த விதை இன்னொருவரின் மூக்கிலும் தொண்டையிலும் இருந்துதான் வருகிறது. காய்ச்சல் இல்லாவிட்டாலும் வரும். இன்ஃப்ளூயன்சா என்றால், சளி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை ஒட்டும். குழந்தைகளிடமிருந்து இன்னும் அதிக நாள். உங்களுக்கு மூன்று நாள் மூக்கொழுகலோடு போய்விடுவது, ஆபரேஷன் முடிந்து நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க முடியாமல் படுத்திருப்பவருக்கு நிமோனியாவில் முடியலாம்.

"ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாச்சுங்க, இனி ஒட்டாது" என்பதும் தப்பு. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

இருமினால் தும்மினால் பரவும் என்று எல்லோருக்கும் தெரியும். கையைத்தான் மறந்துவிடுகிறார்கள். குழந்தைகள் வார்டில் எங்களைப் படுத்தி எடுக்கும், சளி இருமலைக் கொடுக்கும் ஆர்எஸ்வி வைரஸ் பற்றி 1981இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயுற்ற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்கு ஒட்டியது. குழந்தையைத் தொடாமல், அது இருந்த இடத்துச் சாமான்களைத் தொட்டு, பிறகு தங்கள் கண்ணையும் மூக்கையும் தொட்ட 10 பேரில் 4 பேருக்கு ஒட்டியது. தள்ளி உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை. இதை வைத்து, தள்ளி உட்கார்ந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஃப்ளூயன்சாவும் கொரோனாவும் காற்றிலும் வரும்.

2015இல் தென் கொரியாவில் மெர்ஸ் என்ற, கொரோனா வகை வைரஸ் காய்ச்சல் பரவியதைப் படித்தபோது நம் ஊரைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவரில் தொடங்கி 186 பேருக்கு வந்தது, 38 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரிகளுக்குள் பரவியது. அங்கேயும் சொந்தக்காரர்கள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்வார்கள், கூட்டமாக வந்து விசாரிப்பார்கள், ஒரு ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போவார்கள்.

எங்கள் ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டு ரவுண்ட்ஸ் போகாதீர்கள். ஒரே கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போவது கை கழுவாமல் போவதற்குச் சமம். மருந்துப் புகை வைக்கும் மாஸ்க் நோயாளி ஆளுக்கு ஒன்று. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழை பிடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். காய்ச்சலோடு ட்யூட்டிக்கு வராதீர்கள் என்றும் சொல்வேன். ஆனால் அந்த நைட் சிஸ்டரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், மாற்றி நிற்க ஆளில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்களே, சளிக்காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். ஒருவரை ஐசியூவில் வைத்துப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு: ஒரு நோயாளிக்கு ஒருவர் போதும். பச்சைக் குழந்தையைத் தூக்கி வராதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள். உள்ளே வரும்போதும் போகும்போதும் கையைக் கழுவுங்கள், வாசலில் இருக்கும் திரவம் என்றால் காயும் வரை 20 விநாடி தேயுங்கள். வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீரெனக் குழப்பம் வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அது இன்ஃப்ளூயன்சா என்றால், அதற்கான மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

போகாவிட்டால் சொந்தத்தில் பேச்சு வந்துவிடும் என்ற சங்கடம் எனக்கும் தெரியும், நானும் இந்த ஊர்க்காரிதான். சளி இருந்தால் வார்டு நம்பருக்குக் கூப்பிடுங்கள். எத்தனை வேலை இருந்தாலும் போனை எடுத்துப் போய்ப் பெரியவர் காதில் நாங்கள் வைக்கிறோம்.